ஏரி உடைந்த நாளின் மூன்று வரிகள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்குக் காது. இடது காது கடையை மூடிவிட்டது. வலது காது அரை நாள் வேலை பார்க்கிறது. போனில் நீ ஒன்று கேட்க நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேருக்கும் கோபம் வருவதுதான் மிச்சம். அதனால் பழையபடி கடிதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கப்பல் பட்டறையில் இன்னும் நின்றுகொண்டேதான் படம் வரைகிறாயா? உன் மகள், என் மருமகள், வேலைக்குச் சேர்ந்துவிட்டாளா?

நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வீட்டில் அடங்கிக் கிடப்பேன் என்று அத்தான் கனவு கண்டார், பாவம். அப்பா வேலை பார்த்த ஏரி அலுவலகத்தைப் பெரிய ஊருக்கு மாற்றிவிட்டார்கள். காலிக் கட்டடத்தை நம் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே ஊர் வரலாற்று அறை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது ஊர் மன்றத் தலைவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். இப்போது கூட்டுவது, பெருக்குவது, எழுதுவது எல்லாம் நான்தான்.

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். ஏரி உடைந்தபோது தண்ணீரில் ஊறியவை. நாற்பது வருஷமாக அப்படியே கட்டிப்போய்க் கிடந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் மை ஒற்றும் தாள் வைத்து, காற்றாடிக்குக் கீழே உலர்த்துகிறேன். பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து நீலமாகப் பரவியிருக்கிறது. பென்சிலில் எழுதியவை மட்டும் நேற்று எழுதியது போல இருக்கின்றன. கரைந்ததையும் நான் விடுவதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா போன தடம் தெரியும். இதுவரை நான் படிக்க முடியாமல் கைவிட்ட தாள் ஒன்றுகூட இல்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இனி முக்கியமான சேதி. அலுவலக அலமாரியில் அப்பாவின் நீர்மட்டப் பதிவேடு கிடைத்தது! அலுவலகம் மேட்டில் இருந்ததால் ஈரமே படவில்லை. அப்பா எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஏரி உடைந்த நாளின் பக்கத்தைத் திறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். சுவரில் பெரிய பலகை: எத்தனை மணிக்குக் கரை உடைந்தது, கீழ்த்தெருவில் இறந்த பதினோரு பேர் யார் யார், எப்படி நடந்தது. ஜூன் கடைசி ஞாயிறு திறப்பு.

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நீதானே அவருக்குச் செல்லப்பிள்ளை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பட்டறையில் வேலை கழுத்தை நெரிக்கிறது, மன்னித்துவிடு. இங்கே நானும் உன் மருமகளும் நலம். அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் என்னைத் திட்டிக்கொண்டே கிளம்புகிறாள். அத்தானின் முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். தேய்த்துவிட்டு உட்காரச் சொல், மாடிப்படி வேண்டாம்.

வரலாற்று அறை விஷயம் சந்தோஷம். உன்னை விட்டால் அந்த ஊரில் அதற்கு யார் இருக்கிறார்கள்.

ஒரு யோசனை மட்டும். பழைய தாளை நாள் முழுக்க வெளிச்சத்தில் வைத்தால் மை வெளுத்துப்போகும் என்று எங்கள் வரைபடக் கிடங்கில் சொல்வார்கள். பதிவேட்டை மூடி அலமாரியிலேயே வைத்துவிடு. பெட்டியில் பழைய போட்டோக்களை வைக்கலாமே? பார்க்க வருகிறவர்களுக்கும் எண்களை விட முகங்கள்தான் பிடிக்கும்.

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். சரியாக வரவில்லை. பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

களிம்பு வந்தது. அத்தான் அதைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறித்தான் பரிசோதனை செய்தார். நான் நலம். நீ இரவில் தூங்குவதே இல்லை என்று மருமகள் தனியாக எழுதியிருக்கிறாள். விடுமுறையிலும் எதையோ வரைந்து வரைந்து கிழிக்கிறாயாமே. என்னடா அது?

பதிவேட்டை மூடி வைக்கச் சொல்கிறாய். நூலகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவளுக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதே. கண்ணாடிக்கு மேல் துணி போட்டு, ஆள் வரும்போது மட்டும் விலக்குவேன்.

போட்டோ வேலையும் நடக்கிறது. கூட்டமாக இருக்கும் படத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து, தலைகளை மட்டும் கோடு போட்டு வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுக்கிறேன். வருகிறவர்கள் "நாலாம் நம்பர் எங்க மாமா" என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன். ஒரே தலைக்கு மூன்று குடும்பம் சண்டை போடுவதும் உண்டு.

மதகில் நின்று எடுத்த படம் ஒன்றில் ஒன்பதாம் நம்பர் யார் தெரியுமா? மதகுக்காரர். ஏரி உடைந்ததற்கு அவர் அசட்டைதான் காரணம் என்று விசாரணையில் தீர்ப்பாகி வேலையை விட்டு நீக்கினார்களே, அவரேதான். அவருடைய மகள் எங்கிருந்தோ கேள்விப்பட்டு எனக்கு எழுதியிருக்கிறாள். தன்னிடம் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லையாம். வந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறாள்.

இன்னொன்று. பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பின்னாலிருந்து விரலால் தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்கிறது. ஏரி உடைந்த நாளின் மூன்று வரிக்கு மட்டும் மேடு தட்டுகிறது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறது. அப்பா பேனாவைத் தாளில் படாத மாதிரி பிடிப்பார். எழுதும்போது முள்ளை உடைக்கிற ஆள் நம் வீட்டில் நீதான்.

அந்த நாள் நான் சித்தி வீட்டில் அவளுடைய பிரசவத்துக்குத் துணையாக இருந்தேன். நீ எங்கே இருந்தாய்? எழுது.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன்.

தாமதத்துக்குக் காரணம் சொல்லப் போவதில்லை. அந்த நாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மழை பெய்தது ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பைகள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் போடு.

அக்கா, பலகையில் மதகுக்காரரைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா? பதினோரு பேரின் பெயரும் மணியும் போதாதா? அவர் செத்துப்போய் எத்தனையோ வருஷம். மகள் வேறு வரப்போகிறாள்.

தம்பி

மே 10

தம்பிக்கு,

இருவரும் நலம். பைகள் வந்தன. ஆறு வாரம் கழித்து ஆறு வரி எழுதியிருக்கிறாய். உன் மனதில் என்ன இருக்கிறதோ, நீ மென்று விழுங்குவது மட்டும் இங்கே வரைக்கும் கேட்கிறது, காது கேட்காதவளுக்கே.

எழுதத்தான் வேண்டுமா என்கிறாய். கீழ்த்தெருவில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் ஒரே கட்டிலைப் பிடித்தபடி கிடந்தார்கள். ஏன் என்று நாளைக்கு ஒரு குழந்தை கேட்டால் நான் மேலே பார்ப்பதா? விசாரணை அறிக்கையும் இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் "மதகிலிருந்து தகவல் இல்லை". தண்ணீர் சிவப்புக்கோட்டைத் தாண்டினால் மதகுக்காரர் அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும். அப்பா சாவியைக் கொடுப்பார். அவர் போய்ச் சக்கரத்தைத் திருப்பி மதகைத் திறப்பார். அதுதான் முறை. அவர் வரவில்லை. நடந்ததை எழுதுவதுதான் என் வேலை. பூசி மெழுகுவதற்கு வேறு ஆள் பார்க்கச் சொல்.

மதகுக்காரர் மகள் நேற்று வந்தாள். ஐம்பது வயதிருக்கும். துணிக்கடை ஒன்றில் அளவெடுக்கிற வேலையாம். கழுத்தில் நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைப் பெயின்ட் உரிந்த அதே பழைய கதவுதான்.

"இதானா அந்தக் கதவு?" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

"அன்னைக்கு மூணு தடவை வந்து இந்தக் கதவைத் தட்டினேன், பூட்டியிருந்துச்சுன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. சாகிற வரைக்கும் சொன்னாரு. ஊர்ல யாரும் நம்பல."

உரிந்து நின்ற பெயின்டை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "எங்கம்மாவும் நம்பல. நானும் நம்பல. 'போதும்ப்பா, இதையே சொல்லாதீங்க'ன்னு கத்தியிருக்கேன்" என்றாள்.

ஒன்பதாம் நம்பர் படத்தைக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன வயசா?" என்று மட்டும் கேட்டாள். பலகையில் எழுதப்போவதைச் சொன்னேன். "உங்க கிட்ட இருக்கிற பேப்பர் சொல்றதத்தானே எழுதுவீங்க" என்றாள். திறப்பு அன்று வருவாளாம்.

பலகை எழுதுகிறவர் இருபதாம் தேதி வேலையை ஆரம்பிக்கிறார். உனக்கு ஏதாவது தெரிந்தால் அதற்குள் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. ஞாபகம் இல்லை என்று எழுதாதே.

அக்கா

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

அவள் அப்பா சொன்னது உண்மை. கதவு பூட்டியிருந்தது. அப்பா ஊரிலேயே இல்லை. என்னோடு இருந்தார்.

உறைவிடப் பள்ளிக்கூடத்து நுழைவுப் பரீட்சை அன்றைக்குத்தான். லீவு கேட்டால் மழைக்காலத்தில் கிடைக்காது என்று கேட்கவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். "சாயங்காலம் வந்துடலாம், ஒரு நாள்தானே" என்றார். மூன்று மணி நேரப் பரீட்சை. நான் உள்ளே கணக்குப் போட்டேன். அவர் வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். முடித்து வந்தபோது என் விடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார், சந்தோஷத்தில் என் முதுகைத் தட்டினார். அப்போது சட்டைப் பையில் ஏதோ சத்தம் கேட்டது. கையை விட்டு எடுத்தார். மதகுச் சாவி. பையில் போட்டதை மறந்து கொண்டுவந்துவிட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று திரும்பும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுநாள் காலை நடந்தே வந்தோம். மேட்டில் ஏறியதும் கீழ்த்தெரு இருந்த இடம் தெரிந்தது. அதை நான் எழுதப் போவதில்லை.

அன்று மத்தியானம் அப்பா பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முந்தின நாளுக்கான இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "என்னால முடியலடா. நீ எழுது, நான் சொல்றேன்" என்றார். என் கையெழுத்தை அவர் எழுத்து மாதிரியே வர வைத்தது அவர்தானே. மூன்று வரி. மூன்றும் ஒரே வரி. முதல் வரி எழுதியபோது என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது எழுதும்போது தெரிந்தது. எழுதி முடித்தேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய அப்பா வாயால் ஊதினார்.

விசாரணைக்கு முந்தின நாள் மதகுக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். "பூட்டியிருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. ஏன்னுகூட சொல்ல வேணாம்" என்றார். அப்பா, "போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு அப்பா அந்த நாளைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மதகைத் திறந்திருந்தால் கரை தாங்கியிருக்குமா? அன்றிலிருந்து அதைத்தான் வரைந்து பார்க்கிறேன். ஒரு நாள் தாங்குகிறது, ஒரு நாள் தாங்கவில்லை.

பலகையை நிறுத்து.

தம்பி

ஜூன் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. ஆனால் இங்கே நான்கு நாளாக மழை. தபால்காரர் பையோடு வாய்க்காலில் சறுக்கி விழுந்துவிட்டார். உறைக்குள் எல்லாம் ஊறி, மை கரைந்து, ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. மேலே "அன்புள்ள அக்காவுக்கு" என்பது மட்டும் தெரிகிறது. நலம்தான் எழுதியிருப்பாய். மறுபடி எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

திறப்பு வேலை மும்முரம். உள்ளறைக்கு வெள்ளையடித்தாயிற்று. தலைவர் தன் பேச்சை என்னிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார். அதில் ஊரை விட அவர் பெயர்தான் அதிகம் வருகிறது. பாதியை அடித்துவிட்டேன். பலகை அருமையாக வந்திருக்கிறது. எழுத்துக்காரர் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்திருக்கிறார், நூறு வருஷம் இருக்குமாம். அப்பாவின் படத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பதிவேட்டைப் பார்த்து, "என்ன எழுத்து! இந்தக் காலத்துல யாரு இப்படி எழுதுறா" என்கிறார்கள்.

அத்தான் கூப்பிடுகிறார். முடிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிறேன். விசாரித்துவிட்டேன்.

இந்த முறை பென்சிலில் எழுதுகிறேன். தபால்காரர் ஏரியிலேயே விழுந்தாலும் இது அழியாது.

அன்று அலுவலகம் பூட்டியிருந்தது. அப்பா என்னைப் பரீட்சைக்குக் கூட்டிப் போயிருந்தார். சாவி அவர் பையில் இருந்தது. பதிவேட்டில் உள்ள மூன்று வரியும் நான் எழுதியவை. மதகுக்காரர் மூன்று முறையும் வந்தார்.

நாற்பது வருஷம் தண்ணீரில் ஊறிய தாளைப் படிக்கிறவள் நீ. என் கடிதத்தைப் படிக்க முடியவில்லையா? என்னைத் திட்டு, அக்கா. தாங்கிக்கொள்வேன். படிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. எனக்கு எழுத வந்த தைரியம் அவ்வளவுதான். இன்னொரு தடவை வருமா என்று தெரியவில்லை.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போது தேவலை.

படித்தேன். முதல் கடிதத்தையும் படித்தேன். அதில் மழையே படவில்லை. தபால்காரர் எங்கேயும் விழவில்லை. என்னால் பாவம் அவருக்கு ஒரு சறுக்கல்.

பதிவேட்டைத் திறந்த முதல் நாளே அது உன் எழுத்து என்று எனக்குத் தெரியும். உனக்கு ஸ்லேட்டில் கை பிடித்துவிட்டவள் நான். ஏன் நீ எழுதினாய் என்பதுதான் தெரியாது. அப்பாவுக்குக் காய்ச்சல், கையில் அடி, ஏதாவது சின்னக் காரணமாக இருக்கும், நீ சொல்லிவிடுவாய், நிம்மதியாகப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றுதான் கேட்டேன். நீ தட்டிக் கழிக்கக் கழிக்க அது சின்னக் காரணம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அப்படியும் பலகையை எழுதச் சொல்லி அனுப்பினேன். எழுதிவிட்டால் அதுவே உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேல் இல்லை. அதற்குப் பிறகு வளர்ந்த ஆள் மேல் இருக்கிறது. அப்பா மேல் இருப்பது வேறு கோபம். அந்த வருஷம் எனக்கும் ஒரு பரீட்சை இருந்தது, உனக்குத் தெரியுமா? ஆசிரியர் பயிற்சிக்கு. "சித்திக்கு யாரும் இல்ல, நீ போ" என்று என்னை அனுப்பிவிட்டார். சாவியை மறக்கிற அளவுக்கு ஒரு பிள்ளையின் பரீட்சை மேல் அவருக்கு ஆசை இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை நான் இல்லை. இத்தனை பேர் செத்த விஷயத்தில் எனக்கு இது தோன்றுகிறதே என்று வெட்கமாக இருக்கிறது. தோன்றியதை எழுதிவிட்டேன்.

இந்த ஊரில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் எனக்கு வணக்கம் வைக்கிறார்கள். "அவர் மகளா, அப்ப பேப்பரை நம்பிக் கொடுக்கலாம்" என்று தங்கள் பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். பதிவேடு பொய் என்றால் மற்ற தாள்களை யார் நம்புவார்கள்? அறையே போய்விடும்.

அதனால் ஒன்று செய்கிறேன். பலகையைக் கழற்றிவிடுகிறேன். பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அந்தச் சுவரை வெறுமையாக விட்டுவிடலாம். மதகுக்காரரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தையும் இருக்காது. போதாதா? நீ முதலில் கேட்டதும் அதுதானே.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் எதையும் தேடாதே, டாக்டரைப் பார்.

உன் பரீட்சை விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் நீ சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

வெறும் சுவர் போதாது. முதலில் அதைத்தான் நானும் கேட்டேன், அது என் கோழைத்தனம். அவள் வந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுடைய அப்பா சொன்னது பொய் என்றே நினைத்துக்கொண்டு போவாள். மூன்று வரி எழுதினேன். வெறும் சுவர் நான்காவது வரியாகிவிடும், அதை நீ எழுதியிருப்பாய். வேண்டாம்.

என் பென்சில் கடிதத்தைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வை. திறப்பு அன்று அவள் இருக்கும்போது எல்லோர் முன்னாலும் படி. அறையை யாரும் நம்பாமல் போனால் போகட்டும். நம்புவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நானே வந்து படிக்க வேண்டும். லீவு கிடைக்காது என்று எழுதத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். கிடைக்கும். வரப் பயமாக இருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் அவள் நிற்பாள்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் போய்விட்டது. அத்தான் நலம், அன்று முழுக்க முழங்காலை மறந்து எனக்குப் பக்கத்திலேயே நின்றார்.

திறப்பு நடந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்றார்கள். தலைவர் பேசினார். நான் அடித்த வரிகளையெல்லாம் மறுபடி சேர்த்துக்கொண்டு பேசினார். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். உன் கடிதத்தை எடுத்தேன். படிப்பதற்கு முன்னால், "இது என் தம்பி எழுதினது. பதிவேட்டுல இருக்கிறதும் என் தம்பி எழுத்துன்னு பிப்ரவரியிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பலகை எழுதச் சொன்னேன்" என்று சொன்னேன். அதையும் மறைத்துவிட்டு உன்னை மட்டும் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

படித்தேன். என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே நின்றவர்களுக்கும் கேட்டதாம்.

முடித்தேன். தலைவர் மட்டும் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் எழுந்து, "செத்த மனுஷனை ஏம்மா இழுக்கிற?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். அதில் இருவர் மறுநாள் வந்து தாங்கள் கொடுத்த போட்டோக்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கொடுத்துவிட்டேன். கீழ்த்தெருவில் தாயைப் பறிகொடுத்த தச்சர் போகவில்லை. பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, பதிவேட்டை ஒரு தரம், உன் கடிதத்தை ஒரு தரம் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ரொம்ப நேரம் ஆனது. சுவரிலேயே நான் விட்டிருந்த பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். அவரே கழற்றிக் கீழே வைத்தார்.

மதகுக்காரர் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகும் அப்படியே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே நின்று தட்டினாள். மூன்று முறை. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, கதவு அதிர்வது தெரிந்தது. போய்த் திறந்தேன். இந்தத் தடவை கதவு திறந்தது, உள்ளே வந்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் போகவே இல்லை. என் வலது காதுக்குக் கிட்டே குனிந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பரீட்சையில உங்க தம்பி பாஸாயிட்டாரா?"

கோபமாகக் கேட்டாளா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா, எனக்குப் புரியவில்லை. "ஆமா" என்று சொன்னால் போதும், தம்பி. அதைச் சொல்லாமல் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காராமல், "அவரையே சொல்லச் சொல்லுங்க" என்று கிளம்பினாள். அடுத்த ஞாயிறும் வருவாளாம். அதற்கடுத்த ஞாயிறும் வருவாளாம்.

இதற்குப் பதிலை எனக்குக் கடிதத்தில் எழுதாதே. உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா